முதுகுப் பக்கத்து ஊக்குகள்

சென்ற வாரம் நாம் இந்த வீட்டை விட்டுக் கிளம்பியபோது கட்டில் மேல் ஒரு துணிக்குவியல் கிடந்தது. அதைச் சுற்றி மூன்று பேர் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். குவியல் இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. விடிந்துவிட்டதால் முகங்கள் மட்டும் வேறு வழியில்லாமல் திரும்பியிருக்கின்றன.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. துறைமுகத்தில் பதினெட்டு வருஷம் கிரேன் ஓட்டியவள் இந்த வீட்டின் அம்மா. தெருவில் எல்லோருக்கும் அவள் ‘கிரேன்காரி’. சொல்பவர்கள் மரியாதையாகத்தான் சொல்வார்கள், அவளும் பெருமையாகத்தான் திரும்பிப் பார்ப்பாள். உயரத்தில் ஒரு கண்ணாடிக் கேபின். காலுக்குக் கீழேயும் கண்ணாடி. அதன் வழியாகக் கீழே பார்த்துப் பார்த்துக் கன்டெய்னர் பெட்டிகளைத் தூக்கி வைத்த முதுகு, வீட்டில் சாப்பிட உட்கார்ந்தாலும் முன்னால் வளைந்தே இருக்கும்.

அவளை இப்போது ஷிஃப்ட் திட்டமிடும் ஆபீசுக்கு மாற்றியிருக்கிறார்கள். ஒரு மாதம் பார்ப்பார்கள். சரிப்பட்டால் அந்த நாற்காலி அவளுக்கு. சரிப்படாவிட்டால் திரும்பக் கேபின். கேபினிலிருந்து யாரையும் மேலே எடுத்துப் பழக்கமில்லாத ஆபீஸ் அது. இவள் தோற்றால் ‘அப்பவே சொன்னோமே’ என்று கதவைச் சாத்திவிடுவார்கள் என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த ஆபீஸிலிருந்துதான் போனில் ஒரு செய்தி வந்தது. உடை: பிசினஸ் கேஷுவல்.

“அப்படின்னா என்னதான்டி போடணும்?” என்று மூன்றாவது தடவையாகக் கேட்டாள் கிரேன்காரி. யூனிஃபார்மைத் தவிர எதையும் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய் அவளுக்குப் பழக்கமில்லை.

“கோட்டும் வேண்டாம், டீ-ஷர்ட்டும் வேண்டாம். நடுவுல ஒண்ணு,” என்றாள் மகள். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைத்திருப்பதால் வீட்டில் அவளுக்கு ‘வக்கீல்’ என்று பெயர். படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். எங்கே தேடுகிறாள் என்றுதான் யாருக்கும் தெரியவில்லை. “நல்ல பேன்ட், காலர் வெச்ச சட்டை, மூடின ஷூ. அவ்வளவுதாம்மா.”

“அவ்வளவுதானாம்!” என்று உள்ளே வந்தார் அப்பா. ரெடிமேட் துணிக்கடையில் வேலை பார்ப்பதால் தெருவுக்கு அவர் ‘துணிக்கடைக்காரர்’. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் அளவு சொல்லிவிடுவார். “முதல் நாள் கொஞ்சம் தூக்கலா இருந்தா தப்பே இல்ல. இத பாரு.”

கையில் ஒரு கோட்டு இருந்தது. கருநீலம். கடையின் முகப்பில் நின்ற பொம்மை மேலிருந்து, முதலாளியிடம் சொல்லிவிட்டு, ஒரு நாளைக்கு இரவலாக வாங்கி வந்தது.

“அப்பா, அங்க யாரும் கோட் போட மாட்டாங்க.”

“நீ அந்த ஆபீஸைப் பாத்திருக்கியா?”

“நீங்க பாத்திருக்கீங்களா?”

“நான் ஆயிரம் மேனேஜருக்குத் துணி எடுத்துக் குடுத்திருக்கேன்.”

“கல்யாணத்துக்குப் போற மேனேஜருக்கு!”

கிரேன்காரி இடையில் புகுந்தாள். “வாதம் போதும். எனக்கு பஸ் போயிடும்.”

கோட்டு தோளில் சரியாக உட்கார்ந்தது. இடுப்பில்தான் தொளதொளத்தது. தைக்க நேரமில்லை. துணிக்கடைக்காரர் சற்றும் கலங்கவில்லை. ஊக்கு டப்பாவை எடுத்தார். மனைவியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, தொளதொளத்ததை எல்லாம் அள்ளிப் பிடித்து, உள்பக்கம் கொடுத்து, சட்டையோடு சேர்த்து வரிசையாக ஊக்கு குத்தினார். கடையில் ஒல்லிப் பொம்மைகளுக்குச் செய்வதும் இதேதான். முன்னாலிருந்து பார்த்தால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும்.

“முதுகை நிமித்து,” என்றார். “குனிஞ்சா குத்தும்.”

“கழட்டணும்னா?”

“எதுக்குக் கழட்டப் போற?”

பொம்மை கோட்டைக் கழற்றாது, நாற்காலியில் சாயாது, பஸ் ஏறாது. இந்தச் சின்ன வித்தியாசம் அத்தனை வருஷம் கடையில் நின்றவருக்கு அந்த அவசரத்தில் தோன்றவில்லை. அவரைக் குற்றம் சொல்லியும் பயனில்லை. யூனிஃபார்ம் போட்டே அலைந்த மனைவிக்கு ஒரு தடவையாவது தன் கையால் உடுத்திவிட வேண்டும் என்பது அவருடைய பழைய ஆசை. கண்ணாடியில் அவளைப் பார்த்ததும் தோளில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டார்.

கிரேன்காரியும் பார்த்தாள். கண்ணாடியில் நின்றவள் யாரோ ஒரு பெரிய உத்தியோகக்காரி. அவளுக்கு அந்த உத்தியோகக்காரியைப் பிடித்திருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

வாசலில் ஷூ மாட்டும்போது வக்கீல் கேட்டாள். “அம்மா, உன் பழைய யூனிஃபார்ம் ஓவராலை என்ன பண்ணப் போற?”

“துவைச்சுக் கொடியில போட்டிருக்கேன். காஞ்சதும் மடிச்சு வை.”

கேள்வி அத்தோடு முடிந்தது. வக்கீல் ஒரே கேள்வியோடு நிறுத்திக்கொண்டது அதிசயம்தான். பஸ் அவசரத்தில் அம்மா அதைக் கவனிக்கவில்லை.

ஆபீஸ் வரவேற்பில் இருந்த பெண் அவளைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டாள்.

“இன்சூரன்ஸ் கம்பெனியிலேர்ந்து வந்திருக்கீங்களா மேடம்?”

“இல்லம்மா. கிரேன்லேர்ந்து வந்திருக்கேன்.”

உள்ளே போனதும் மகள் சொன்னதுதான் சரி என்று தெரிந்தது. ஒருவரும் கோட்டு போடவில்லை. பருத்திப் பேன்ட், காலர் சட்டை, ஒருவருக்கு மேலே ஒரு மெல்லிய ஸ்வெட்டர். பொது மேலாளரே முழங்கைவரை சட்டையை ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அத்தனை பேருக்கும் நடுவில் இவள் மட்டும் கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்க வந்தவள் மாதிரி நின்றாள். காது சூடேறியது.

பணியாளர் பிரிவு அதிகாரி நல்ல மாதிரி. பக்கத்தில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். “இவ்வளவு வேண்டியதில்லைங்க. கோட்டைக் கழட்டி அங்க மாட்டிடுங்க, வசதியா இருக்கும்.”

“பரவால்லைங்க. ஏசி கொஞ்சம் குளிருது.”

நெற்றியில் வியர்வை துளிர்த்திருந்தது. அதிகாரி அதைப் பார்த்தாள், நாகரிகம் கருதி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காலைக் கூட்டம் முழுக்க கிரேன்காரி ஆணி அடித்த மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தாள். சாய்ந்தால் ஊக்கு, குனிந்தால் ஊக்கு. ‘என்ன ஒரு கம்பீரம்’ என்று எதிரில் இருந்தவர் பக்கத்தில் இருந்தவரிடம் முணுமுணுத்தது காதில் விழுந்தது. சிரிப்பை அடக்கினாள். சிரித்தாலும் குத்தும்.

கூட்டத்தின் முடிவில் இரண்டு விஷயம் அவள் தலையில் விழுந்தது. ஒன்று தெரிந்ததே. போன வாரமே அவள் போட்டுக் கொடுத்திருந்த புதிய ஷிஃப்ட் அட்டவணையை, மத்தியானம் பெட்டிகள் அடுக்கும் யார்டுக்குப் போய் கிரேன் ஓட்டுநர்களிடம் அவளே சொல்ல வேண்டும். அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் அது நடக்கும்.

மற்றொன்று புதிது.

“உங்க கேபின் காலியா இருக்கே, அதுக்குப் பயிற்சிக்கு ஆள் எடுக்கறோம்,” என்றாள் அதிகாரி. “நாளைக்கு நேர்முகத் தேர்வு. நீங்களும் எங்களோட உட்காரணும்.”

“நானா? கேள்வி கேக்கற பக்கமா?”

“அந்த சீட்டைப் பத்தி உங்களை விட யாருக்குத் தெரியும்?”

அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊக்கையும் மறந்து மூச்சை இழுத்தாள். சுருக்கென்றது.

யார்டுக்குள் போக ஹெல்மெட்டும், கனத்த ஷூவும், ஒளிரும் பட்டை போட்ட மேலங்கியும் வேண்டும். அவளுடைய லாக்கரில் மூன்றும் அப்படியே இருந்தன. கோட்டுக்கு மேலேயே மேலங்கியைப் போட்டு இழுத்துப் பூட்டினாள். அது முதுகை இறுக்கியது. எல்லா ஊக்கும் ஒரே சமயத்தில் தம் இருப்பைத் தெரிவித்தன.

ஓய்வறையில் பத்திருபது பேர் இருந்தார்கள். எல்லோரும் தெரிந்த முகம். இருந்தும் அவள் நுழைந்ததும் பேச்சு சட்டென்று நின்றது. மேலங்கிக்குக் கீழே எட்டிப்பார்த்த கருநீலத்தை அத்தனை கண்களும் பார்த்தன. ஒரு வாரத்துக்கு முன்னால்வரை இவளுக்கும் சேர்த்து டீ ஊற்றி வைத்த கூட்டம் அது.

முதலில் வாய் திறந்தவர் ‘மீசை’. யார்டில் பழைய ஆள். பகல் ஷிஃப்ட் அவருக்குப் பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி நிலையாக இருந்தது. “வாங்க மேடம்,” என்றார். இத்தனை வருஷமாக வாம்மா போம்மா என்று பேசியவர்.

அந்த ‘மேடம்’ ஊக்கை விட ஆழமாகக் குத்தியது.

அவள் ஆரம்பித்தாள். வீட்டில் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்த பேச்சு. “நிர்வாகம் எடுத்திருக்கிற முடிவுப்படி, இனி இரவு ஷிஃப்ட் எல்லாருக்கும் சுழற்சி முறையில...”

“நிர்வாகம் முடிவே எடுத்தாச்சுன்னா எங்களை எதுக்குக் கேக்கறீங்க?” என்றார் மீசை.

பின்னால் யாரோ சொன்னார்கள். “கோட்டு போட்டாச்சு. இனிமே அப்படித்தான் பேச்சு வரும்.”

நாலைந்து பேர் சிரித்தார்கள். கிரேன்காரி பதில் சொல்ல வேகமாக முன்னால் குனிந்தாள். பதினெட்டு வருஷப் பழக்கம், சட்டென்று விடுமா? நடு ஊக்கு திறந்துகொண்டது.

“ஐயோ அம்மா!”

அறை பதறியது. மீசையே பாதி எழுந்துவிட்டார். “என்னம்மா? என்ன ஆச்சு?”

மேடம் போய் அம்மா வந்ததை அந்த வலியிலும் அவள் கவனித்தாள்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. மேலங்கியைக் கழற்றி மேசையில் போட்டாள். மூலையில் உட்கார்ந்திருந்த இளம் ஓட்டுநரைக் கூப்பிட்டாள். மாற்ற ஆளில்லாமல் இரவு ஷிஃப்டிலேயே கிடப்பதால் அந்தப் பெண்ணுக்கு ‘ஆந்தை’ என்று பெயர். மத்தியானக் கூட்டத்துக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

“இங்க வாடி. என் முதுகுல இருக்கறதை எல்லாம் ஒண்ணொண்ணா கழட்டிவிடு.”

ஆந்தை கோட்டைத் தூக்கிப் பார்த்தாள். “அக்கா! என்னக்கா இது, முள்ளம்பன்றி மாதிரி!”

“எங்க வீட்டுக்காரர் வேலை. கடையில பொம்மைக்குக் குத்தற மாதிரி எனக்கும் குத்தி அனுப்பிட்டார். காலையிலேர்ந்து சாய முடியல, குனிய முடியல. அங்க எல்லாரும் நான் என்னவோ கம்பீரமா உக்காந்திருக்கேன்னு நினைச்சிட்டிருக்காங்க.”

அந்த ஓய்வறை வெடித்துச் சிரித்தது. மீசை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆந்தை ஒவ்வொரு ஊக்காகக் கழற்றி மேசையில் வைக்க வைக்க, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டாள் கிரேன்காரி. உள்ளே வெளிர்நீலச் சட்டை, சாம்பல்நிறப் பேன்ட். மகள் சொன்ன அதே நடுவில் ஒன்று. சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்து ஏற்றிவிட்டாள். கேபின் ஏறுமுன் தினமும் அப்படித்தான் மடிப்பாள்.

அதற்குப் பிறகு ஒத்திகைப் பேச்சு மறந்தே போயிற்று.

“நிர்வாகம் எடுத்த முடிவு இல்ல. நான் போட்ட அட்டவணை. இந்தப் பொண்ணு எப்ப பாத்தாலும் ராத்திரியிலேயே கிடக்கறா. நானும் அப்படிக் கிடந்தவதான். அப்ப இதே மேசையில உக்காந்து உங்களோட சண்டை போட்டேன், ஞாபகம் இருக்கா? கீழ இருந்தப்ப சொன்னதைத்தான் இப்ப மேல இருந்தும் சொல்றேன். இடம்தான் மாறியிருக்கு, துணி மாறியிருக்கு. சொல்றது மாறல.”

மீசை சிரிப்பை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார். “எனக்குப் பகல் போயிடும்மா. இந்த வயசுல ராத்திரி முழிச்சா உடம்பு கேக்காது.”

“மூணு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. முழுசா எடுக்கல. உங்களுக்குக் கஷ்டம்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் கேக்கறேன்.”

அவர் ஆந்தையைப் பார்த்தார். தூக்கமில்லாத அந்தக் கண்களை இதற்கு முன் பகல் வெளிச்சத்தில் அவர் பார்த்ததே இல்லை. மீசையை நீவினார்.

“ஒரு மாசம் பாக்கறேன். சரிப்படலேன்னா நேரா உன் ஆபீசுக்கே வந்து நிப்பேன்.”

“வாங்க. ஆனா காலர் வெச்ச சட்டை போட்டுட்டு வாங்க. இல்லாட்டி உள்ள விட மாட்டாங்க.”

மறுபடியும் சிரிப்பு. யாரோ அவள் முன்னால் ஒரு டீயை வைத்தார்கள். மற்றவர்களும் ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். வேலை முடிந்தது.

கோட்டைக் கையில் போட்டுக்கொண்டு, மேலங்கியும் ஹெல்மெட்டுமாக யார்டைக் கடந்து அவள் திரும்பி நடந்தாள். பாதி வழி வந்திருப்பாள். மேலேயிருந்து ஒரு ஹாரன்.

அந்த யார்டில் ஒரு வழக்கம் உண்டு. கேபினை விட்டு ஒருவர் வேறு வேலைக்கு இறங்கும் நாளில் எல்லாக் கிரேன்களும் ஹாரன் அடிக்கும். இவளுடைய கடைசி நாளில் காற்று பலமாக வீசி, கிரேன்களை நிறுத்தி, எல்லோரையும் கீழே இறக்கிவிட்டார்கள். அடிக்க மேலே ஆளில்லை. அந்தக் குறையை அவள் வீட்டில்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஒன்று நின்றதும் அடுத்தது. பிறகு அதற்கும் அப்பால் இருந்தது. கடைசியில் எல்லாம் சேர்ந்து. ஓய்வறைக் கதை அதற்குள் கேபின் ரேடியோக்கள் வழியாக மேலே ஏறிவிட்டிருந்தது.

அவள் நின்றாள். ஹெல்மெட்டைக் கழற்றித் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினாள். கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது, துடைக்கவில்லை. இப்படி ஒரு மரியாதை வாழ்க்கையில் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? மறுபடி நடந்தபோதுதான் கவனித்தாள். முதுகில் ஒரு ஊக்கும் இல்லை, முதுகு நிமிர்ந்தே இருந்தது.

சாயங்காலம் கதவைத் திறந்த துணிக்கடைக்காரர் முதலில் கேட்டது, “ஊக்கு தாங்குச்சா?”

அவள் உள்ளங்கையை விரித்து, கழற்றிய ஊக்குகளைக் காட்டினாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், வரவேற்பிலிருந்து ஹாரன்வரை. அவர் முதலில் தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு சிரித்தார். ஹாரன் வந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திவிட்டு அவள் பக்கமாக நகர்ந்து நின்றார்.

“எல்லாருமா அடிச்சாங்க?”

“எல்லாரும்.”

“கோட்டு போட்டிருந்தியா அப்ப?”

“கையில இருந்துச்சு.”

“சரி, கையிலயாவது இருந்துச்சே,” என்றார் அவர். அதிலும் அவருக்கு ஒரு பங்கு வேண்டியிருந்தது. அவளுக்கும் கொடுக்க மனசு இருந்தது.

ஊக்குகளைப் போட டப்பாவைத் தேடினாள். வழக்கமான இடத்தில் இல்லை. மேசை மேல் திறந்து கிடந்தது. ஜன்னல் வழியாகக் கொடியைப் பார்த்தாள். ஓவராலும் இல்லை.

“ஏங்க, ஓவராலை மடிச்சு வெச்சுட்டாளா?”

துணிக்கடைக்காரர் சுவரைப் பார்த்தார். பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

அறைக்கதவு திறந்தது. வக்கீல் நின்றாள். துறைமுகத்து ஆரஞ்சு ஓவரால். தோள் சரியாக இருந்தது, கால் மடித்துவிடப்பட்டிருந்தது. கை இரண்டும் அம்மாவைப் போலவே இரண்டு மடிப்பு.

“திரும்பு,” என்றாள் கிரேன்காரி.

மகள் திரும்பினாள். முதுகில், தொளதொளத்ததை எல்லாம் அள்ளிப் பிடித்து, வரிசையாக ஊக்கு.

அவள் கணவரைப் பார்த்தாள். “உங்களுக்குத் தெரியும்.”

“மத்தியானம்தான் சொன்னா. சாப்பிட வந்தப்ப போட்டுக் காட்டினா,” என்றார் அவர் சுவரிடம். “எனக்கும் என்ன செய்யறதுன்னு தெரியல. ஊக்கு குத்தினேன்.”

“பயிற்சிக்கு ஆள் எடுக்கறாங்கம்மா,” என்றாள் வக்கீல். “எனக்கு நாளைக்கு இன்டர்வியூ. ரெண்டு மாசமா இது ஒண்ணுக்குத்தான் காத்திருந்தேன். சொன்னா நீ வேண்டாம்னு சொல்வே.”

அந்த உயரம், காற்று, ஆந்தையின் கண்கள் எல்லாம் கிரேன்காரிக்கு முன்னால் வந்து நின்றன. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். காதில் அந்த ஹாரன் இன்னும் ஓயவில்லை. தன் மகளுக்கும் ஒரு நாள் அது அடிக்கும் என்று நினைத்த நினைப்பில் மனசு பூரித்துப்போனது, அப்படிப் பூரித்ததில் அவளுக்கே கோபம் வந்தது.

“இன்டர்வியூ யார் எடுக்கறாங்கன்னு தெரியுமாடி உனக்கு?”

“யாரு?”

அவள் கிட்டே போய், மகளின் ஓவரால் கை மடிப்பை ஒன்றொன்றாகப் பிரித்து மணிக்கட்டுவரை இழுத்துவிட்டாள்.

“நாளைக்குக் காலர் வெச்ச சட்டை, பேன்ட், மூடின ஷூ,” என்றாள். “இந்த மடிப்பை நீயா சம்பாதிச்சுக்கணும். நான் போட்டுத் தர மாட்டேன்.”